மும்பையில் பழைய மரப்படகுகளையும் கப்பல் கட்டிய கரைகளையும் பார்ப்பது எப்படி

செம்பூரிலோ ஜி.டி.பி. நகரிலோ ஹார்பர் லைன் ரயிலில் ஏறி சி.எஸ்.எம்.டி. போகிற நம்ம மும்பைத் தமிழ் ஆட்கள் தினமும் சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்ட் ரோடு என்று நாலு ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறோம். அந்தத் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கும் கரை முழுக்க மரம் இறக்கிய, கப்பல் பழுது பார்த்த, கப்பல் உடைத்த இடம். இன்னும் தெற்கே போனால் கோட்டைப் பகுதி. 1736-ல் சூரத்திலிருந்து வந்த ஒரு தச்சர் அங்கே ஆரம்பித்த வேலை, பிரிட்டிஷ் கடற்படைக்கே போர்க்கப்பல் கட்டிக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. அதில் பெரும்பகுதி இன்று பூட்டிய கேட்டுக்குள் இருக்கிறது. ஆனால் மரத்தில் படகு பழுது பார்க்கும் கை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது, அதைப் பார்க்க டிக்கெட்டும் வேண்டாம், பாஸும் வேண்டாம். எப்போது போவது, எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது என்பதை, போக நினைக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. கோட்டைப் பகுதியில் இருக்கும் டாக்யார்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், கோலி மீனவர்களின் குடியிருப்பான கோலிவாடாவிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு சின்ன மீன்பிடிப் படகு கரையில் ஏறி நிற்கும்போது அதன் அடிமரத்தையும், வங்கு என்கிற விலாச் சட்டத்தையும், பலகைகளுக்கு இடையில் இருக்கும் சந்தையும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், அப்புறம் இருநூறு வருடத்துக்கு முந்தைய கப்பலின் படத்தைப் பார்த்தாலும் எது எங்கே இருக்கும், எதற்காக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மாற்றிச் செய்தால் வருடமும் பெயரும் மட்டும்தான் மனசில் நிற்கும்.

எப்போது போவது

ஜூன், ஜூலை. வேறு பேச்சே இல்லை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கு முன்பே, மே கடைசியிலேயே, படகுகளைக் கரைக்கு ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். பெரிய படகை ஏற்ற வேண்டுமென்றால் தண்ணீர் நன்றாக ஏறி வர வேண்டும், அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் இந்த வேலை நடக்கும். ஏற்றுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கயிற்றில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அடியில் உருளைக் கட்டை எங்கே போடுகிறார்கள், யார் குரல் கொடுக்கிறார் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஏற்றிய பிறகு தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். மழை விட்ட நாட்களில் தார்ப்பாயை விலக்கிப் பழுது வேலை நடக்கும். ஜூலை பின்பாதிதான் வேலை மும்முரமாக நடக்கும் காலம், ஏனென்றால் ஆகஸ்ட் பிறந்தால் தண்ணீரில் இருக்க வேண்டும். ஆவணிப் பௌர்ணமியில் வரும் நாரளி பூர்ணிமா அன்று படகுக்குப் புதுப் பெயின்ட், கொடி, பூ, கடலுக்குத் தேங்காய் என்று கோலிவாடாக்கள் அமர்க்களப்படும். கொண்டாட்டம் பார்க்க அது அருமையான நாள், படகைப் படிக்க உதவாத நாள். பெயின்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

மற்ற மாதங்களில் போகிறவர்கள், கடல் தண்ணீர் இறங்கியிருக்கும் வற்ற நேரம் பார்த்துப் போங்கள். பெரிய ஓத நாளில் மும்பையில் தண்ணீர் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஏற்றத்தில் கழுத்தளவு தண்ணீரில் மிதந்த படகு வற்றத்தில் சேற்றில் முழு உடம்பையும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நேரம் நாளிதழிலும் போனிலும் கிடைக்கும். அங்கே உள்ளவர்களிடம் கேட்பதானால் ஏற்றத்துக்கு பர்த்தி, வற்றத்துக்கு ஓஹோட்டி.

எங்கே போவது

வெர்சோவா. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் வேறு இடம் சொல்ல மாட்டேன். மெட்ரோவில் வெர்சோவா ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கோலிவாடா வந்துவிடும். அங்கே ஜெட்டியிலிருந்து எதிர்க்கரையான மட் தீவுக்கு ஃபெர்ரி போகும், பைக்கையும் ஏற்றிக்கொள்வார்கள். வெர்சோவா பக்கம் நெருக்கடி, மட் பக்கம் கொஞ்சம் காலி இடம். இரண்டு கரையையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தாராவியில் இருப்பவர்களுக்கு மாஹிம் பக்கத்திலேயே இருக்கிறது. வர்ளி கோலிவாடாவில் கோட்டையும் படகும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். சசூன் டாக் 1875-ல் திறந்தது, விடியற்காலையில் போனால் மீன் ஏலத்தின் இரைச்சலுக்கு நடுவே நூற்றுக்கணக்கான படகுகள் நெருக்கி நிற்கும், ஆனால் அங்கே படகின் மேல்பாதிதான் தெரியும், கேமராவுக்கும் தடை உண்டு. சிவ்ரி ஜெட்டிக்கு ஃபிளமிங்கோ பார்க்கப் போகிறவர்கள் அங்கே பழுதுக்கு நிற்கும் பழைய கலங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். எல்லோரும் பறவையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

படகைப் படிப்பது

படகைச் சுற்றி முதலில் ஒரு முறை சும்மா நடங்கள். போட்டோ அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். முழுசாக மரமா, மரத்துக்கு மேல் ஃபைபர் போர்த்தியதா, முழுசாக ஃபைபரா என்று பாருங்கள். இப்போது புதிதாக வருவதில் நிறைய ஃபைபர்தான். ஃபைபர் படகில் பலகைச் சந்தே தெரியாது, உடம்பு வழவழவென்று ஒரே சீராக இருக்கும். போர்த்திய படகில் விளிம்பிலும் சுக்கான் பக்கத்திலும் எங்காவது ஃபைபர் உரிந்து உள்ளே மரம் தெரியும். முழு மரப்படகில் தலையிலிருந்து வால் வரை பலகைகள் ஓடும் கோடு வெயில் சாய்வாக விழும்போது தெளிவாகத் தெரியும், அதனால் நடு மத்தியானத்தைவிடக் காலை எட்டு மணிக்கு முன்பு போவது நல்லது.

பிறகு அணியத்துக்கு, அதாவது படகின் தலைப்பக்கத்துக்கு, நேராகப் போய் நின்று, கீழே ஏராவைப் பாருங்கள். ஏரா என்பது அடிமரம், படகு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ஒரே மரமா, இரண்டு மரத்தை ஒட்டியதா? ஒட்டியிருந்தால் ஒட்டு எங்கே வருகிறது, எவ்வளவு நீளத்துக்குச் சாய்வாகச் செதுக்கி ஒன்றின் மேல் ஒன்றை உட்கார்த்தியிருக்கிறார்கள்? நல்ல வேலைக்காரன் போட்ட ஒட்டு நீளமாக இருக்கும், ஆணி வரிசை நேர்க்கோட்டில் இராது, முன்னும் பின்னுமாக மாறி மாறி இருக்கும். ஒரே கோட்டில் ஆணி அடித்தால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடும் என்று தூத்துக்குடியில் ஓடாவியாக, அதாவது படகு கட்டும் தச்சராக, இருந்த என் பெரியப்பா சொல்வார், அதை மட் தீவில் ஒரு பழைய படகில் கண்ணாலேயே பார்த்தேன்.

ஏராவிலிருந்து பலகைகள் மேலே ஏறுகிற இடத்தைக் கவனியுங்கள். பலகையின் விளிம்பு ஏராவில் எடுத்த காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், போய் உட்கார்ந்திருக்கும். மேற்குக் கரையின் பழைய முறையில் ஏராவில் மட்டும் இல்லாமல் பலகைக்கும் பலகைக்கும் நடுவிலேயே காடி எடுத்து, ஒன்றின் விளிம்பு இன்னொன்றுக்குள் போய்ப் பொருந்தும்படி இழைத்தார்கள். குஜராத், கொங்கண் கலங்கள் இதற்குப் பெயர் போனவை. அப்படிச் செய்தால் சந்தில் தண்ணீர் நுழைவது கடினம், வேலையோ இரட்டிப்பு. இப்போது விளிம்போடு விளிம்பு நேராகச் சேர்த்துச் சந்தில் பஞ்சு அடைப்பதுதான் அதிகம். எது எப்படி என்று பார்க்க, உடைத்துப்போட்ட அல்லது பாதி பிரித்த படகு ஒன்று ஒவ்வொரு கரையிலும் இருக்கும், அதன் பலகை முனையைப் பாருங்கள். முழுப் படகை விடப் பிரித்த படகில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

உள்ளே எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தால் வங்கு. விலா எலும்பு போல வளைந்து நிற்கும் சட்டங்கள். அந்த வளைவு அறுத்து உண்டாக்கியதா, மரத்தின் இயற்கை வளைவா என்று பாருங்கள். மரத்தின் ரேகை வளைவோடு சேர்ந்து வளைந்து போனால் அது இயற்கை வளைவு, அதுதான் பலம். ரேகை நடுவில் வெட்டுப்பட்டு நின்றால் நேர் மரத்தை வளைவாக அறுத்தது. கருவேல மரம் இதற்குப் பேர்போனது, நம்ம கரையிலும் சரி, இங்கேயும் சரி. கிளை பிரியும் இடத்தில் இயல்பாக வரும் வளைவைத் தேடி, மரம் நிற்கும்போதே இது எந்த இடத்து வங்கு என்று கண்ணால் அளந்து வாங்குவார்கள். பலகைக்குத் தேக்கு கிடைத்தால் தேக்கு. விலை கட்டாதபோது வேறு மரம். ஒரே படகில் பழைய தேக்குப் பலகையும் புதிதாக மாற்றிய வேறு மரப் பலகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நிறத்தையும் ரேகையையும் பார்த்தால் எந்தெந்தப் பலகை எப்போது மாறியது என்று ஓரளவு வரிசைப்படுத்திவிடலாம்.

தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே சின்னச் சின்ன ஓட்டைகள், உள்ளே வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய் மாதிரி தெரிந்தால் அது கப்பல்புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். வெளியே ஊசி முனை அளவு துளையிட்டு உள்ளே போய்ப் பெரிதாக வளர்ந்து பலகையை நீளவாக்கில் தின்றுவிடும். வெளியே பார்த்தால் பலகை நன்றாகத்தான் இருக்கும். இந்தப் பூச்சிக்குப் பயந்துதான் அந்தக் காலப் போர்க்கப்பல்களின் அடிப்பாகம் முழுக்கச் செப்புத் தகடு போர்த்தினார்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிதாக எண்ணெய் பூசிய மரத்தைக் கை வைத்துத் தடவாதீர்கள். முந்திரிக் கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசும் வழக்கம் இந்தக் கரையில் உண்டு, மரத்துக்கு நல்லது, தோலில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

கலப்பத்து நடக்கும் இடம் கிடைத்தால்

கிடைத்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பலகைச் சந்தை அடைக்கும் இந்த வேலையை வெர்சோவாவில் ஒரு பெரியவர் செய்ததைப் பார்த்தேன். முதலில் சந்திலிருந்த பழைய பஞ்சைக் கொக்கி ஒன்றால் இழுத்து எடுத்தார், கறுத்துப்போய் நீளமாகக் கயிறு மாதிரி வந்தது. சந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விரலால் உள்ளே தடவிப் பார்த்தார். புதுப் பஞ்சைத் தொடையில் வைத்து உருட்டித் திரியாக்கினார். சந்து அகலமாக இருக்கும் இடத்துக்குத் தடித்த திரி, குறுகலாக இருக்கும் இடத்துக்கு மெல்லிய திரி. அளவுகோல் எதுவும் கிடையாது, உருட்டும்போதே கை கூட்டியும் குறைத்தும் கொண்டது. அப்புறம் முனை மழுங்கிய அகல உளியைத் திரியின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார். ஆரம்பத்தில் சத்தம் தொளதொளவென்று இருந்தது, பஞ்சு இறுக இறுகச் சத்தம் மாறி டங் டங் என்று கெட்டியாகக் கேட்டது. அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த சாணுக்கு நகர்ந்தார். கண் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது, காதுதான் வேலை செய்தது. அதற்கு மேலும் அடித்தால் பலகை விலகிவிடும் என்று கையால் சைகை காட்டினார். கடைசியில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய பசையை மேலே பூசினார்.

கலப்பத்து வேலையைப் படம் பிடித்தால் வீடியோவாகவே எடுங்கள், மைக் அந்தப் பக்கம் இருக்கட்டும். போட்டோவில் இந்த வேலையின் பாதிகூட வராது.

எப்படிப் பேசுவது

கரை என்பது அவர்கள் வீட்டு முற்றம். கேட்காமல் படகில் ஏறுவது, செருப்போடு ஏறுவது இரண்டும் கூடாது. வயதான பெண்களை மாவ்ஷி என்றும் ஆண்களைக் காகா அல்லது தாதா என்றும் கூப்பிடுங்கள். படகைப் பொறுப்பெடுத்து ஓட்டுபவர் தாண்டேல், நம்ம பக்கத்துத் தண்டல்தான். மராத்தி சரளமாக வரவில்லை என்றாலும் மூன்று வாக்கியம் போதும். ‘ஃபோட்டோ காடூ கா’ என்றால் படம் எடுக்கட்டுமா, ‘ஹோடி கிதி ஜுனி ஆஹே’ என்றால் படகு எவ்வளவு பழசு, ‘கோணி பாந்தலி’ என்றால் யார் கட்டியது. மூன்றாவது கேள்விக்கு முகம் மலர்ந்துவிடும், ஏனென்றால் அதை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கடற்கரை ஊர்க்காரர் என்றால் அதையும் சொல்லுங்கள், தூத்துக்குடியோ நாகப்பட்டினமோ ராமேஸ்வரமோ, அங்கே என்ன படகு, என்ன மரம் என்று அவர்களே உங்களைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பேச்சு நீளும்போது டீ வாங்கிக் கொடுங்கள். வலை பின்னுகிற நேரத்தில் கேட்டால் ஆற அமரப் பதில் வரும். படகை ஏற்றும் நேரத்திலும் ஏல நேரத்திலும் தொந்தரவு செய்யாதீர்கள்.

படகின் பக்கத்தில் ஐ.என்.டி. எம்.எச். என்று தொடங்கும் பதிவு எண் எழுதியிருக்கும், எம்.எம். என்று வந்தால் எஞ்சினோடு கட்டிய விசைப்படகு. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், படகின் பெயரையும். ஆனால் பதிவு செய்த வருடமும் கட்டிய வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அதனால் வயதை ஆளிடம்தான் கேட்க வேண்டும். மகன் பிறந்த வருஷம், கல்யாணம் ஆன வருஷம் என்று கணக்குச் சொல்வார்கள், அதுவே நம்பகமான கணக்கு.

இனி டாக்யார்ட்

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது என்றால் இப்போது கோட்டைப் பகுதிக்குப் போகலாம். சர்ச்கேட்டிலோ சி.எஸ்.எம்.டி.யிலோ இறங்கி ஷஹீத் பகத் சிங் ரோட்டில் லயன் கேட் வரை நடங்கள். உள்ளே நேவல் டாக்யார்ட், பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது, கேட்டைப் படம் எடுக்கவும் கூடாது. வெளியே நின்று மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

லவ்ஜி நுசர்வாஞ்சி வாடியா என்ற பார்சி தச்சரைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1736-ல் சூரத்திலிருந்து தச்சர்களோடு இங்கே கொண்டுவந்தது. அவர் காலத்தில், 1750-ல், இங்கே கல்லால் கட்டிய டிரை டாக் ஒன்று எழுந்தது, ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்வார்கள். டிரை டாக் என்பது கரையைக் குடைந்து கட்டிய ஒரு நீண்ட கல் தொட்டி, கடல் பக்கம் கதவு. ஏற்றத்தில் கதவைத் திறந்து கப்பலை உள்ளே விடுவார்கள், வற்றத்தில் தண்ணீர் வடிந்ததும் கதவை மூடிவிட்டால் கப்பல் முழுசாக வெளியே நிற்கும், அடியைப் பழுது பார்க்கலாம். சென்னையில் தண்ணீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் சுமார்தான், அங்கே இந்த வித்தை நடக்காது. மும்பைக்குக் கப்பல் கட்டும் யோகம் வந்ததில் இந்த ஓதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெர்சோவாவில் அமாவாசை பார்த்துப் படகை ஏற்றுகிறார்களே, அதே கணக்குதான் இங்கே கல்லில் கட்டி வைத்திருக்கிறது.

மரத்தின் கதை இன்னொன்று. நெப்போலியனோடு நடந்த சண்டைகளில் இங்கிலாந்துக்குக் கப்பல் கட்ட ஓக் மரம் போதவில்லை. மலபார்த் தேக்கு இங்கே வந்து குவிந்தது. ஓக் மரத்தில் இருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும், தேக்கில் இருக்கும் எண்ணெய் ஆணியைக் காப்பாற்றும். அதனால் பம்பாய்க் கப்பல்கள் நீண்ட நாள் உழைத்தன. பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பிரிட்டனுக்கு வெளியே கட்டிய முதல் பெரிய வரிசைப் போர்க்கப்பலான (வரிசையாக நின்று சண்டை போடும் பெரிய பீரங்கிக் கப்பல்) மிண்டன் 1810 ஜூனில் இங்கிருந்துதான் இறங்கியது, ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் கைவேலை. 1813-ல் இறங்கிய கார்ன்வாலிஸ் கப்பலில்தான் 1842-ல் சீனாவோடு நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது, ஹாங்காங் கைமாறியது. 1815-ல் இறங்கிய வெல்லஸ்லி 1940 வரை இருந்து, தேம்ஸ் நதியில் ஜெர்மன் குண்டுவீச்சில் மூழ்கியது.

நமக்கு நெருக்கமானது டிரிங்கோமலி, திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல். அதன் வரைபடத்தை ஜாவா என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள், அந்தக் கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் பக்கத்தில் அமெரிக்கர்கள் அடித்து வீழ்த்திவிட்டார்கள், வரைபடமும் போய்விட்டது. மறு பிரதி வந்து வேலை தொடங்க 1816 ஆகிவிட்டது, அதற்குள் எந்தச் சண்டைக்காகக் கேட்டார்களோ அந்தச் சண்டையே முடிந்துவிட்டது. ஆனாலும் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி ஏராவில் வெள்ளி ஆணி அடித்து வேலையைத் தொடங்கினார், 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் இறங்கியது. இப்போது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இருக்கிறது, மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதுதான் மிகப் பழையது. மலபார்த் தேக்கும் மும்பைத் தச்சர் கையும் இருநூறு வருடம் தாண்டி நிற்கின்றன. பரேலில் வாடியா ஆஸ்பத்திரியில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம், அந்த ஆஸ்பத்திரி கட்டியதும் இதே குடும்பத்து வழியினர்தான்.

லயன் கேட்டுக்கு எதிரே கே.ஆர். காமா ஓரியண்டல் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, பார்சி வரலாறு தேடுகிறவர்களுக்கு நல்ல நூலகம். கொஞ்சம் தள்ளி ஹார்னிமன் சர்க்கிளில் டவுன் ஹால், அதில் ஏஷியாட்டிக் சொசைட்டி. காலா கோடாவில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் மகாராஷ்டிர அரசு ஆவணக் காப்பகம், கம்பெனி காலத்துக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. போகும்போது அடையாள அட்டையும், என்ன தேடுகிறீர்கள் என்று எழுதிய ஒரு கடிதமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பழைய கப்பல்கள்’ என்று கேட்டால் எதுவும் கிடைக்காது, ஒரு கப்பலின் பெயரும் வருடமும் சொல்லிக் கேளுங்கள்.

டாக்யார்டைக் கடல் பக்கமிருந்து பார்க்கச் சுலபமான வழி, கேட்வேயிலிருந்து எலிஃபண்டா போகும் லாஞ்ச். மழைக்காலம் முடிந்து போங்கள், திங்கள்கிழமை குகை மூடியிருக்கும். கிளம்பியதும் இடது பக்கம் கடற்படைக் கப்பல்களும் அதன் பின்னால் பழைய டாக் சுவர்களும் தெரியும், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் லாஞ்ச்சே பெரும்பாலும் மரத்தில் கட்டியது என்பதையும் கவனியுங்கள். மேல்தட்டுக்குப் போகாமல் கீழே எஞ்சின் பக்கம் உட்கார்ந்தால் வங்கும் பலகையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

தாருகானா

ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் தாருகானா. கப்பல் உடைக்கும் இடம். 1961 முதல் 1997 வரை நம் கடற்படையில் இருந்த பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், கொஞ்ச காலம் மும்பையில் மிதக்கும் மியூசியமாக நின்றது, அதை 2014-ல் இங்கேதான் உடைக்கத் தொடங்கினார்கள். ஒரு ஊர் தன் கப்பலை வைத்துக் காப்பாற்ற முடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. உடைக்கும் பிளாட்டுகளுக்குள் நுழையாதீர்கள், அனுமதியும் கிடைக்காது, ஆபத்தும் கூட. தெருவோரக் கடைகளைப் பார்த்தாலே போதும், சங்கிலி, நங்கூரம், வடக்கயிறு, இரும்புத் தகடு எல்லாம் கப்பலிலிருந்து இறங்கியவை. கனமான ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அதை ஒட்டிய கவுலா பந்தர் பழைய சரக்குத் துறையின் மேலேயே எழுந்த குடியிருப்பு, முதலில் வந்து குடியேறியவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம். அங்கே டீக்கடையில் தமிழில் பேச ஆரம்பித்தால், எந்த ஊரு தம்பி என்று ஒரு குரல் வரும். கப்பல் உடைப்பில் வேலை பார்த்த பெரியவர்கள் உண்டு. எந்தக் கப்பலில் என்ன மரம் இருந்தது, எது யாருக்குப் போனது என்று அவர்களிடம் கேளுங்கள். எங்கும் எழுதப்படாத வரலாறு அது, அதுவும் நம் மொழியிலேயே கேட்கக் கிடைக்கிறது.

பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் கப்பல் சாமான் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. லண்டன் என்று பெரிதாகப் பொறித்து, ஒரு பழைய வருடமும் போட்டு, பளபளவென்று இருக்கும் திசைகாட்டி பெரும்பாலும் புதுசு. உண்மையான கப்பல் ஜன்னல் தூக்கினால் கை இறங்கும் அளவுக்குக் கனம், கண்ணாடி தடிமன், கீலிலும் திருகிலும் தேய்மானம் சமமாக இல்லாமல் கை பட்ட பக்கம் மட்டும் அதிகமாக இருக்கும். வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும்.

குறித்து வைப்பது

ஒரு படகை எடுத்துக்கொண்டு முழுசாகப் பதிவு செய்யுங்கள், பத்துப் படகைப் பாதி பாதியாகச் செய்வதால் பயனில்லை. டேப் வைத்து மொத்த நீளம், நடு அகலம், ஏராவின் நீளம், பலகை அகலம், தடிமன். அடி, அங்குலத்தில் எழுதுங்கள், கட்டியவர்கள் அந்தக் கணக்கில்தான் யோசித்திருப்பார்கள். வங்கு எத்தனை, இடைவெளி எவ்வளவு என்று எண்ணுங்கள். பக்கவாட்டில் நேராக நின்று ஒரு படம், அணியத்துக்கு நேராக ஒன்று, அமரத்துக்கு, அதாவது வால்பக்கத்துக்கு, நேராக ஒன்று, ஒவ்வொரு படத்திலும் அளவு தெரிய டேப்பை விரித்துச் சாய்த்து வையுங்கள். கையால் ஒரு கோட்டுப் படமும் போடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, வரையும்போதுதான் பார்க்காமல் விட்டது தெரியும்.

கேட்டு எழுத வேண்டியவை: எந்த ஊரில் கட்டியது, கட்டிய மேஸ்திரி யார், மரம் எங்கிருந்து வந்தது, எஞ்சின் எப்போது வைத்தார்கள், எந்தெந்தப் பலகை மாறியது, இனி மரத்திலேயே கட்டுவீர்களா அல்லது ஃபைபருக்குப் போவீர்களா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் செலவுக் கணக்கு முழுக்க வெளியே வரும், மரத்தின் விலை, வேலையாள் கூலி, வருடா வருடம் பராமரிப்பு என்று, அதை வரிக்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். குரலைப் பதிவு செய்வதானால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எழுதியதையும் படங்களையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் படகுக்காரர் கையில் கொடுங்கள். போனில் அனுப்பினால் காணாமல் போய்விடும், நல்ல தாளில் பிரின்ட் போட்டுக் கொடுங்கள். ஜூலைக் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள், ஆகஸ்ட் பிறந்தால் தாண்டேலைக் கரையில் பிடிக்க முடியாது. மே லீவில் ஊருக்குப் போகிறவர்கள் அதே நோட்டைத் தூத்துக்குடிக்கும் எடுத்துப் போய் அங்கே தோணி கட்டிய ஓடாவிகளிடமும் இதே கேள்விகளைக் கேட்டு எழுதி வாருங்கள்.